மரை பிடிக்கும் வரை

ஜூன் 11, செவ்வாய்

மாமா இன்று லாரியைக் கிளப்பிப் பார்க்கச் சொன்னார். சாவியைத் திருகியதும் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. நான் கீழே இறங்குவதற்குள் நின்றுவிட்டது. மறுபடி திருகினேன். மறுபடியும் அப்படியே.

கார்த்திகை மாதம் சோள மூட்டை மேல் தார்ப்பாய் கட்டும்போது மாமா மேலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அன்றிலிருந்து வண்டி எங்கள் வாசல் தகரக் கொட்டகையில் நிற்கிறது. அவர் அதற்கு எதிரே கட்டிலில் கிடக்கிறார். பகலெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பம்புக்குப் போற வழியில காத்து இழுக்குது. பழைய லைனு, எலி வேற கடிச்சிருக்கும். பூராத்தையும் மாத்தோணும்" என்றார்.

"சங்ககிரில இருந்து மெக்கானிக் ஒருத்தரக் கூட்டியாரட்டுங்களா?"

"எதுக்கு? வண்டியப் பாக்கவா, உன்னயப் பாக்கவா?"

அவரைக் கல்யாணம் செய்து வந்த நாளிலிருந்து இந்த கேட்டுக்குள் அவர் தம்பியைத் தவிர ஆம்பளை யாரும் வந்ததில்லை. வேலையை நான் செய்வது, அவர் கட்டிலிலிருந்து சொல்வது என்று ஆயிற்று. ஆடி பிறப்பதற்குள் வண்டி ஓட வேண்டுமாம். எதைக் கழற்றி எங்கே வைத்தேன் என்று மறந்தால் ஏச்சு விழும். அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன். டிரான்ஸ்போர்ட் ஆபீசில் அவருக்குக் கொடுத்த டைரி, சும்மாதான் கிடந்தது.

ஜூன் 12, புதன்

வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு போனேன். மேலே ஒரே கருப்பு. டேங்கிலிருந்து ஒரு இரும்புக் குழாய் சேஸ் என்கிற அடிச்சட்டத்தின் ஓரமாகவே ஓடி, எஞ்சினுக்குப் பக்கத்தில் ரப்பர் ஓசாக மாறுகிறது. குழாய் துருவேறிப் பொரிந்திருக்கிறது. அந்த ரப்பரை வளைத்தால் பித்தவெடிப்புக் குதிகால் மாதிரி பிளக்கிறது. அதே மாதிரி இன்னொரு குழாய் எஞ்சினிலிருந்து டேங்குக்குத் திரும்பி வருகிறது. மிஞ்சின டீசல் திரும்பும் வழியாம்.

மாமாவிடம் நீளமான மூங்கில் குச்சி இருக்கிறது. நான் தப்பான நட்டில் ஸ்பேனரை வைத்தால் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என் காலில் இறங்கும். இடது கணுக்கால் வீங்கியிருக்கிறது.

அவ்வப்போது வரும் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மா வந்து அவர் முதுகைப் பார்த்தார். இடுப்பெலும்புப் பக்கம் ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருக்கிறதாம். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கோணும் துளசிமணி. தோல் விட்டுப்போச்சுன்னா அப்பறம் மூடவே மூடாது" என்றார். சரிங்க என்றேன். இத்தனை மாதமாக அப்படித்தான் செய்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி

இன்று டேங்குப் பக்கம் குழாயைக் கழற்றும் நாள். "டேங்கு காலியாத்தான் இருக்குது. நேரா மூஞ்சிக்கு மேல வெச்சுக் கழட்டு, அப்பத்தான் மரை தெரியும்" என்றார் மாமா. மரை என்றால் நட்டுக்குள்ளே சுற்றிச் சுற்றி ஓடும் வரி.

கழற்றினேன். டீசல் மொத்தமும் முகத்தில் கொட்டியது. கண்ணுக்குள், மூக்குக்குள், வாய்க்குள். புரண்டு வெளியே வருவதற்குள் தலை சேஸில் இடித்தது. தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கிக்கொண்டு நின்றேன். கண் தெரிய வெகு நேரமாயிற்று.

கட்டிலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவருக்குச் சிரித்தால் இருமல் வரும். இருமிக்கொண்டே சிரித்தார்.

"டேங்குல டீசல் இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். உனக்குத்தான் புத்தி இருக்குதான்னு பாத்தேன்."

அவருக்கு இருமல் மருந்து கொடுத்தேன். பிறகு குளித்தேன். மூன்று தடவை சீயக்காய் போட்டும் வாடை போகவில்லை.

ஜூன் 17, திங்கள்

சங்ககிரிக்குப் போனேன். ஸ்பேர் கடையில் பழைய குழாயைக் காட்டினால் சிரிக்கிறார்கள். இந்த மாடலுக்கு இப்போது சாமான் வருவதில்லை. புது நைலான் குழாய் இருக்கிறது, ஆனால் அதன் முனையிலுள்ள மரை வேறு, எங்கள் வண்டியில் இருக்கும் மரை வேறு. ஒன்றுக்குள் ஒன்று ஏறாது. கடைக்காரர் லேத்துப் பட்டறைக்குப் போகச் சொன்னார்.

பட்டறைக்காரர் நாச்சிமுத்து குழாய் முனையில் இருந்த பழைய போல்ட்டுகளைக் கையில் உருட்டிப் பார்த்தார். "நடுவுல ஒரு அடாப்டர் கடஞ்சு போட்டுக்கலாமுங்க. ஒரு பக்கம் உங்க பழைய மரை, மறுபக்கம் புது மரை. ஒரு வாரம் ஆகும்" என்றார்.

அதற்குள் மாமா எத்தனையோ முறை போன் செய்துவிட்டார். பக்கத்தில் யாரு, அது என்ன சத்தம், அவன்கிட்டக் குடு. நாச்சிமுத்து போனை வாங்கி, "லேத்து ஓடற சத்தமுங்க" என்று சொல்லிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். அவர் பார்க்காததுதான் எனக்கு அதிகம் கூசியது.

வீட்டுக்கு வந்ததும் மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். முந்தானையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்தார்.

ஜூன் 20, வியாழன்

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேட்டிக்கு அந்தப் பக்கம் நான் நிற்பது மாமாவுக்குத் தெரியவில்லை. தம்பி சென்னிமலையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"லைன் மாத்துற வேல நடக்குதுடா. ஆளு வெச்சா எவ்வளவு கேப்பான்? இவ ஓசிலயே பண்றா. வண்டி கெளம்புனதும் நீ எடுத்துக்க. என்னையும் கூட்டிட்டுப் போயிரு, உன்ற பொண்டாட்டி ஒரு வாய்க் கஞ்சி ஊத்தமாட்டாளா? இவள அவங்க ஊருக்கே பஸ் ஏத்தி உட்றலாம். கொழந்தையா குட்டியா, கேக்கறதுக்கு எவன் இருக்கறான்?"

சென்னிமலை ஏதோ சொல்ல, மாமா சிரித்தார். உடனே இருமல்.

எங்கள் ஊரில் அப்பா அம்மா இல்லை. வீடு கூட இல்லை, இடித்து ரோடு போட்டுவிட்டார்கள்.

மிச்சத் துணியையும் காயப்போட்டேன். இரவு அவருக்குக் கோதுமை ரவை உப்புமா.

ஜூன் 21, வெள்ளி

மத்தியானம் பழைய கிளாம்ப்புகளைக் கழற்றும்போது குச்சி என் முழங்காலில் பட்டது. வெளியே வந்து குச்சியைப் பிடித்தேன். அவர் விடவில்லை. இழுத்தேன். கையில் பலம் இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. வந்துவிட்டது.

"குட்றீ!"

நான்காக ஒடித்து அடுப்பில் வைத்தேன். நன்றாக எரிந்தது. மூங்கில் வெடிக்கிற சத்தம் அவர் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜூன் 22, சனி

மாமா பேசுவதில்லை. பம்பில் இரண்டு வாய் இருக்கிறது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. ஒன்று டீசல் உள்ளே போக, ஒன்று வெளியே வர. எது எது என்று கேட்டேன்.

"குச்சிய எரிச்சியல்ல. அந்த அடுப்பையே கேளு" என்றார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தை மட்டும்தான் அவரால் திருப்ப முடியும்.

காலையில் படுக்க வைத்த பக்கமே இருந்தார். வண்டியை எதிரே வைத்துக்கொண்டு நான் கீரை ஆய்ந்தேன். மத்தியானம் ஒண்ணுக்குப் போய்விட்டது என்றார். கேட்டது. மணி மூன்றைப்போல, "ஏ புள்ள, ஈரமா இருக்குதுடீ" என்றார்.

"எந்த வாயி உள்ள போறதுங்க மாமா?"

கெட்ட வார்த்தை சொன்னார். நான் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வெயில் இறங்கின பிறகு கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது. "எஞ்சினப் பாத்தாப்பல நின்னா வலது கை வாயி உள்ள போறது. மேல இருக்கறது திரும்பறது."

துணி மாற்றினேன், துடைத்தேன், மறுபக்கம் திருப்பினேன். பவுடர் கூடப் போட்டேன்.

மெக்கானிக் யாரையாவது கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பான். அவர் வாயாலேயே வரட்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஜூன் 26, புதன்

அடாப்டர்கள் வந்துவிட்டன. பித்தளையில் கடைந்து, பார்க்க நகை மாதிரி இருக்கின்றன. டேங்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துக் கையாலேயே திருகினேன். முதலில் வழுக்கியது, அப்புறம் மரை பிடித்தது. ஸ்பேனர் இல்லாமலே உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சேஸுக்கு அடியில் தனியாகப் படுத்துக்கொண்டு சிரித்தேன்.

"புடிச்சிருச்சா?" என்று மாமா ஆசையாகக் கேட்டார். ஒரு நிமிஷம் எல்லாம் மறந்து, "புடிச்சிருச்சுங்க மாமா" என்று கத்தினேன்.

அவர் நல்லவராக இருந்த நாளும் உண்டு. கல்யாணமான வருஷம் நாக்பூரிலிருந்து ஒரு கூடை கமலா ஆரஞ்சு கொண்டு வந்தார். உரித்து உரித்து எனக்கு ஊட்டினார். அடுத்த நாள் லோடுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்ததும் கூடையைக் கவிழ்த்து எண்ணினார். எட்டு குறைந்தது. எந்த ஆம்பளைக்குக் கொடுத்தாய் என்று கேட்டு இரவெல்லாம் நிற்க வைத்தார். எட்டையும் நான்தான் தின்றேன். அவ்வளவு இனிப்பு.

ஜூன் 29, சனி

நர்ஸம்மா வந்தார். கேட்டிலேயே நின்று, மாமா தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார், வர நாளாகும் என்று சொன்னேன். எட்டிப் பார்த்தார். கட்டிலை நேற்றுத்தான் வண்டிக்குப் பின்பக்கம் நகர்த்தியிருந்தேன், வெளிச்சம் மறைக்கிறது என்று.

"வந்ததும் போன் பண்ணு. அந்தப் புண்ண உட்றக் கூடாது" என்றார்.

கேட்டைச் சாத்தியதும் மாமா கேட்டார். "நர்ஸம்மா கொரலாட்டம் இருந்துச்சே?"

"மோர்க்காரிங்க" என்றேன்.

ஜூலை 2, செவ்வாய்

நைலான் குழாயை சேஸ் ஓரமாக இழுத்துக் கட்டினேன். சைலன்சர் பக்கம் நெருங்கக் கூடாது, சூட்டில் உருகிவிடும். அசைந்து உரசும் இடத்தில் பழைய டியூபை வெட்டிச் சுற்ற வேண்டும். எல்லாம் மாமா சொன்னதுதான். இப்போதெல்லாம் கேட்டதும் சொல்கிறார். இரண்டு தடவை கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பார். வேலை முடிந்ததும் திருப்புவேன். வேலை இழுத்துக்கொண்டே போனால் நான் என்ன செய்ய முடியும்?

கட்டில் பக்கம் ஊதுபத்தி ஏற்றி வைத்தேன். ஈ நிறைய வருகிறது.

ஜூலை 5, வெள்ளி

ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு பக்கமும் செம்பு வாசர் வளையம். ஒன்று விட்டாலும் காற்று இழுக்கும். போட்டேன்.

மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஜூலை 8, திங்கள்

வண்டி ஓடிவிட்டது!

டேங்கில் டீசல் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்று வெளியேற ஃபில்டர் மேலிருக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கச் சொன்னார். முதலில் நுரை, பிறகு குமிழி, பிறகு சுத்த டீசல். திருகை இறுக்கினேன். சாவியைப் போட்டதும் எஞ்சின் ஒரே பிடியில் எழுந்தது. நின்றுவிடும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. தகரக் கூரை அதிர்ந்தது. நான் அடியில் போய் ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

வெளியே வந்தபோது மாமா அழுதுகொண்டிருந்தார். விழுந்த அன்று கூட அழாதவர்.

"துளசி, என்னைய ஒருக்கா மேல ஏத்தி உக்கார வை. ஸ்டேரிங்கப் புடிச்சுப் பாக்கறேன். ஒரே ஒருக்கா."

"நாளைக்குப் பாக்கலாமுங்க" என்றேன். எஞ்சினை அணைத்தேன்.

ஜூலை 10, புதன்

குழந்தைவேலு என்று ஒரு டிரைவரைப் பேசியிருக்கிறேன். சின்ன வயசு, அமைதியான ஆள். கேட்டைத் திறந்து உள்ளே கூட்டி வந்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். டீ கொடுத்தேன். இரண்டாவது டம்ளரும் கொடுத்தேன். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இனி இவருதான் நம்ம வண்டிய ஓட்டப் போறாரு. உங்களுக்குச் சம்மதந்தானுங்க மாமா?"

மாமாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. "சரி" என்றார். பிறகு அவனைப் பார்த்து, "வாப்பா" என்றார்.

அவருக்கு உடம்பு சுடுகிறது. மாத்திரை கொடுத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

குழந்தைவேலு வண்டியைக் கழுவ வந்தான். கட்டில் பக்கம் போனவன் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினான். மாமாவுக்குக் காலையிலிருந்து குளிர் நடுக்கம். கட்டில் கால் நான்கும் தடதடத்தன.

"அக்கா, இது என்னங்க இப்படி இருக்குது? ஆம்புலன்ஸக் கூப்புடுங்க."

"சாயந்தரம் பாத்துக்கலாம்."

"சாயந்தரமுங்களா?" அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவனே போன் செய்தான்.

ஜூலை 13, சனி

சேலம் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண். மாமாவைப் புரட்டிப் போட்டுத் துணியை விலக்கினார். பக்கத்தில் நின்ற சென்னிமலை வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தான். நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது எலும்பாம். காசு அளவில் இருந்தது, என் உள்ளங்கை இரண்டை விரித்து வைத்தாலும் மூடாத அளவுக்கு ஆகியிருக்கிறது. அதற்கு மேல் என்னாலும் பார்க்க முடியவில்லை. இவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் எழுத வேண்டும்.

"யாரு இவரப் பாத்துக்கறது?"

"நான்தானுங்க."

"டெய்லி திருப்பிப் படுக்க வெச்சீங்களா இல்லையா? பொய் சொல்லாதீங்கம்மா. ஒரே பக்கமா நாள் கணக்காக் கெடந்தாத்தான் இப்படி ஆகும். நான் போலீசுக்கே எழுதி அனுப்புவேன்."

சென்னிமலை உள்ளே வந்துவிட்டான். "கேளுங்க டாக்டர், நல்லாக் கேளுங்க. எங்கண்ணன் சொல்லட்டும்" என்றான். "சொல்லுண்ணா. இவ உன்னயத் திருப்புனாளா?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். நான் அவர் தலைமாட்டில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"தெனமும் திருப்புவாளுங்க. ராத்திரி கூட எந்திரிச்சுத் திருப்புவா. நல்லாத்தான் பாத்துக்கறா. எனக்குச் சக்கர இருக்கும்போலங்க, அதுதான்" என்றார்.

டாக்டர் கேஸ் தாளைப் பார்த்தார். சர்க்கரை இல்லை. எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"அண்ணா, உனக்கு என்ன கிறுக்கா? சரி, வண்டிச் சாவியக் குடு. நான் இன்னைக்கே எடுத்துட்டுப் போறேன். நீயும் சரியானதும் நம்மூட்டுக்கு வந்துரு."

"வேண்டாம்டா. வண்டி அவகிட்டயே இருக்கட்டும்."

"நீதானண்ணா சொன்ன?"

"நான் ஒண்ணுஞ் சொல்லல" என்று மாமா அவசரமாகச் சொன்னார். என்னைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார். "நான் அவன்கிட்ட ஒண்ணுமே சொல்லல, துளசி."

பாட்டிலைத் திறந்து அவர் வாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

ஜூலை 15, திங்கள்

முதல் லோடு. ஆடி பிறப்பதற்குள் ஏற்றிவிட்டோம். ஈரோட்டுக்கு மஞ்சள் மில் சாமான். இடது பக்க சீட்டில் நானும் போனேன். இந்த வண்டியில் நான் உட்கார்ந்து போவது இதுதான் முதல் தடவை. உயரத்திலிருந்து பார்த்தால் ரோடு வேறு மாதிரி இருக்கிறது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் ஒரு இடத்திலும் திணறவில்லை.

பவானியில் டீக்கு நிறுத்தியபோது, குழந்தைவேலு இந்த மாதத்தோடு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னான். காரணம் கேட்டேன். "இல்லீங்க, அப்படியே" என்றான்.

அதே நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். மாமாவுக்கு இன்று புண்ணை வெட்டிச் சுத்தம் செய்கிறார்களாம், வீட்டு ஆள் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டுமாம். லோடு இறக்கிவிட்டு வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாமாவை வீட்டுக்குக் கொண்டு வந்து பத்து நாளாகிறது. பிழைத்துவிட்டார். புண் மூட இன்னும் பல மாதமாகுமாம். கட்டிலை உள் அறைக்கு மாற்றிவிட்டேன். நர்ஸம்மா வாரத்தில் இரண்டு தடவை வந்து கட்டு மாற்றுகிறார். என்னோடு பேசுவதில்லை. நானும் இப்போது நேரத்துக்குத் திருப்பிவிடுகிறேன். மாமா ஒவ்வொரு தடவையும், "சரி, சரி, உனக்கு நெம்ப சிரமம்" என்கிறார். தண்ணீர் வேண்டுமென்றால் கூட, நான் அந்தப் பக்கம் வரும்வரை காத்திருந்து மெதுவாகத்தான் கேட்கிறார். நான் அடித்தது கிடையாது. ஒரு சுடுசொல் சொன்னது கிடையாது. இதைக் கட்டாயம் எழுதிவைக்க வேண்டும்.

இன்று மத்தியானம் புது டிரைவர் லோடு இறக்கிவிட்டு வந்து வண்டியை வாசலில் நிறுத்தினார். எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டிருந்தார். சத்தம் உள் அறைச் சன்னல் கம்பி வரைக்கும் அதிர்ந்தது. நான் மாமாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். கண் சன்னல் பக்கம் போனது.

"துளசி, கோவிச்சுக்காத. கட்டிலக் கொஞ்சம் வாசப்பக்கம் தள்ளி உட்டீன்னா… வண்டிய ஒருக்கா பாத்துக்கறேன்."

"வண்டி இங்க எங்கீங்க இருக்குது? லோடுக்குப் போயிருக்குது."

வெளியே டிரைவர் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். மேசை மேல் இருந்த டம்ளர் கிணுகிணுத்தது. மாமா அந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த சோற்றைப் பார்த்தார்.

"ஆமா, லோடுக்குப் போயிருக்குது" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.